மாரி, மண்ணெண்ணெய், மொறிஸ் மைனர்

கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கிற சொந்தக்காரரிட்ட 'விண்டரில கார் ஓட்டுறது எப்பிடி?' எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் கதைப்பினம். ரயர் மாத்திறது, பற்றரி இறங்கிப்போறது, கண்ணாடியில பிடிச்ச ஐஸைச் சுரண்டுறது, பிரேக்கைச் சடாரெண்டு அமத்தக்கூடாது எண்டுறது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 வரை பனிக்கால ரயர் போடாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். வன்னியில் இருந்து போன ஆக்கள் உதெல்லாத்தையும் அங்க போய்த்தான் புதுசாய்ப் படிச்சவை எண்டு நாங்கள் நினைக்கிறம்.

அது பாதி உண்மைதான். வன்னியில் ஸ்னோ கொட்டுவதில்லை. எங்களுக்குப் பனி எண்டால் மார்கழி, தை மாதத்தில் புல்லுநுனியில் நிற்கிற பனிதான். ஆனால் 1990களில் மாரிகாலத்து விடியக்காலையில் ஒரு சின்னக் காரை ஸ்டார்ட் பண்ணி மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ வீதிக்குக் கொண்டுவந்த சாரதி, பனிநாட்டுச் சாரதிக்கு வருகிற சிக்கல்களில் முக்கால்வாசியைக் கண்டவர். இது உவமைக்காகச் சொல்கிற கதை இல்லை. வெப்பநிலைக் கணக்கு.

சைபீரியா, வன்னி மாவட்டம்

எரிபொருள் பற்றுவதற்கு முதலில் ஆவியாக வேண்டும். திரவமாய்க் கிடக்கிற பெற்றோல் எரிவதில்லை. அதில் இருந்து எழும்புகிற ஆவிதான் எரிகிறது. பெற்றோல், சைபருக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றுவதற்குப் போதுமான ஆவியை விடும். அதனால்தான் ரொறன்ரோவில் சைபருக்குக் கீழே 20 பாகையில் இரவு முழுக்க விறைத்து நின்ற காரும், பற்றரி நல்லாய் இருந்தால், காலையில் ஸ்டார்ட் வருகிறது.

மண்ணெண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. அது பற்றுகிற அளவுக்கு ஆவியாகக் குறைந்தது 38 பாகை சூடு வேண்டும். மார்கழி விடியலில் வன்னியின் வெப்பநிலை 22, 23 பாகைக்கு இறங்கும். அப்படியென்றால் மண்ணெண்ணெய்க்கு 15 பாகை பற்றாது. அதே 15 பாகை பற்றாக்குறையைப் பெற்றோல் காரில் பார்க்க வேண்டுமென்றால் சைபருக்குக் கீழே 55 பாகைக் குளிருக்குப் போக வேண்டும். மனிசர் குடியிருக்கிற இடங்களில் அப்படிக் குளிரைச் சைபீரியாவின் யாக்கூட்ஸ்க் பக்கம்தான் காணலாம். மண்ணெண்ணெயில் ஓடின காருக்கு வன்னியின் ஒவ்வொரு மாரிக் காலையும் சைபீரியாக் காலைதான்.

பிறகேன் அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின? எப்படி ஓடின? அதற்கு முதலில் அந்தக் கார்களைத் தெரிய வேண்டும்.

பங்கீட்டுக் காலத்துப் பிள்ளை

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் மினி காரைத் தந்தவரும் அவர்தான். மைனரின் மாதிரிக் காருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'மொஸ்கிற்றோ', அதாவது நுளம்பு. மலேரியாவுக்குப் பேர்போன வன்னிக்கு வந்துசேர இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாய்த் தெரிகிறதென்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாய் வெட்டி, நாலு அங்குலம் அகட்டி ஒட்டினார்கள். பொனற்றின் நடுவால் ஓடுகிற தட்டையான பட்டி அந்த வெட்டின் தழும்பு. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் கார் இது.

அந்தக் கார் பிறந்த நேரம் முக்கியம். போர் முடிந்து மூன்று வருசம். பிரித்தானியாவில் பெற்றோல் இன்னும் பங்கீட்டில். 1953 வரை அங்கே கிடைத்தது எல்லாக் கம்பனிக்கும் பொதுவான, தரம் குறைந்த ஒரே பெற்றோல். அதைக் குடித்தும் இடிக்காமல் ஓட வேண்டுமென்றால் எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவாக இருக்க வேண்டும். ஆரம்பகால மைனர்களில் அது ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. இன்றைய சின்னக் கார்களில் பத்துக்கு ஒன்றுக்கு மேல்.

இன்னும் இரண்டு விசயம். ஒன்று, முன்பக்க ஓட்டையால் கம்பியை விட்டுக் கையால் சுழற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ஹான்டில். குளிரில் பற்றரி சோர்ந்துபோனால் உதவட்டும் என்று வைத்தது. மற்றது, 1952க்குப் பிறகு மைனருக்குப் போட்ட ஏ-சீரீஸ் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் உள்ளே போகிற குழாயும், எரிந்த புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இருக்கும். வெளியே போகிற புகையின் சூடு உள்ளே வருகிற எரிபொருளைச் சூடாக்கி ஆவியாக்க உதவும். குளிர்நாட்டுக்கு அது தேவை. வெப்பநாட்டில் அது தேவையில்லாத ஏற்பாடு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இப்படி, பங்கீட்டுக்கும் குளிருக்கும் என்று செய்த மூன்று ஏற்பாடுகளோடு மொறிஸ் மைனரும், அதன் சொந்தக்காரர் மாதிரியான ஒஸ்ரின் ஏ-30, ஏ-35, ஏ-40 கார்களும் இலங்கைக்கு வந்தன. (வன்னியில் ஏ-30, ஏ-35 என்று இரண்டு வீதிகளும் இருக்கின்றன: வவுனியாவில் இருந்து பறையனாலங்குளம் போவது ஒன்று, பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போவது மற்றது. தற்செயல்தான். ஆனாலும் அந்த இரண்டாவது வீதியை நினைவில் வைத்திருங்கள்.)

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து யப்பான் கார்கள் குவியும் வரை, இருந்த பிரித்தானியக் கார்களைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. சில கார்களின் இலக்கத்தகடே ஒரு சரித்திரப் புத்தகம். 1957இல் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்ததும், தமிழரசுக் கட்சி தமிழ் ஸ்ரீ போட்டு அதை எதிர்த்ததும், 1958 கலவரத்துக்கு முன்னான மாதங்களும் அதில் இருக்கு. ஆங்கில எழுத்துத் தகடோடு நிற்கிற மைனர், அந்தச் சண்டைக்கு முதலே பதிவான கார்.

தடை

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியது. வடக்குக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப் பாகங்கள், உரம், சீமெந்து என்று நீண்ட பட்டியல் ஒன்று தடைப்பொருளானது. மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் கட்டுப்பாட்டோடு, பங்கீட்டு அட்டைக்குச் சங்கக்கடையில் அளந்து கிடைத்தது. எரிபொருள் புலிகளின் கைக்குப் போய்விடும் என்பது அரசு சொன்ன காரணம். உள்ளே வந்த பொருட்களுக்குப் புலிகளும் வரி வாங்கினார்கள். தங்களுக்குத் தேவையானதை முதலில் ஒதுக்கினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மிஞ்சினதில்தான் சனம் விளக்கு எரித்தது, தண்ணி இறைத்தது, வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலி கடந்து வன்னிக்கு வந்து குவிந்தது. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. 1997 மே 13இல் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியதும் ஏ-9 வீதியே போர்முனையானது. இருந்த ஒரே நல்ல தார் றோட்டு போனபிறகு, வன்னியின் போக்குவரத்து முழுக்க காட்டுக்குள்ளாலும் குளக்கட்டாலும் போகிற கிறவல் வீதிகளுக்கும் மண் பாதைகளுக்கும் மாறியது. எரிபொருளும் இல்லை, வீதியும் இல்லை. அதற்கு மேல் மாரி.

ரெண்டு எண்ணெய்க் கார்

வேலை நடந்த விதம் இதுதான். பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். அதில் இருந்து மெல்லிய ரியூப் ஒன்று காபரேற்றருக்கு. முதலில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி எஞ்சினைச் சூடாக்க வேண்டும். சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகைக்குழாயின் சூடு பக்கத்துக் குழாயில் வருகிற மண்ணெண்ணெயை ஆவியாக்கும். பிரித்தானியக் குளிருக்கு வைத்த ஏற்பாடு வன்னியில் பொருளாதாரத் தடைக்கு உதவியது. குறைந்த அமுக்க விகிதம் இருந்தபடியால் மண்ணெண்ணெயில் எஞ்சின் கொஞ்சம் இடித்தாலும் உடைந்துபோகாது. பற்றரி தடைப்பொருள், ஸ்டார்ட்டரைச் சுழற்ற மாட்டாத பழைய பற்றரியில் பிளக்குக்குப் பொறி குடுக்கிற அளவுக்காவது உயிர் இருந்தால் போதும், மிச்சத்தை ஹான்டில் பார்த்துக்கொள்ளும். பங்கீட்டுக்காரர் யோசித்த மூன்று விசயமும் ஒன்றாய் வேலை செய்தன.

இது வன்னி கண்டுபிடித்த புதுமை இல்லை எண்டதையும் சொல்லத்தான் வேண்டும். 1940களிலும் 50களிலும் பிரித்தானிய விவசாயிகள் பேர்கசன் ரிஈ-20 மாதிரியான உழவு இயந்திரங்களை வரி குறைந்த, மண்ணெண்ணெய் மாதிரியான ஒரு எண்ணெயில் இதே முறையில்தான் ஓடினார்கள்: பெற்றோலில் ஸ்டார்ட், சூடானபின் மாற்றம். ஆனால் அவர்களுக்குக் கம்பனியே தாங்கி இரண்டு வைத்து, கைநூலும் அச்சடித்துக் குடுத்தது. எங்கட கராஜ்களில் அதைப் புத்தகம் இல்லாமல் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒருத்தர் கண்டுபிடித்ததில்லை. ஒவ்வொரு கராஜிலும், ஒவ்வொரு பிழைக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாய்.

விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரால் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணியாகும், பிஸ்ரன் தேயும். ஒயில் மாற்றவும் வழியில்லை. பிளக்கில் கரி பிடிக்கும். அடிக்கடி கழற்றித் துப்புரவாக்காவிட்டால் வண்டி இழுக்காது. வண்டி போன பின்னாலும் கண் எரிகிற வெள்ளைப் புகை வீதியில் நிற்கும். அந்த மணம்தான் தொண்ணூறுகளின் மணம் எண்டு சொல்லுறவை இண்டைக்கும் இருக்கினம்.

களியும் வெள்ளமும்

மாரியில் இந்த ஏற்பாட்டுக்கே சோதனை வரும். தண்ணிக்குள்ளால் போனால் எஞ்சினும் குழாயும் குளிரும்; குளிர்ந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாது; வண்டி திணறி நிற்கும். திரும்பப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்க வேண்டும். போத்தலில் இருக்கிற பெற்றோலோ சொட்டுக் கணக்கு. அதனால் மாரிப் பயணம் என்பது தூரத்தை வைத்து எண்ணுகிற கணக்கில்லை. எத்தனை இடத்தில் வண்டி நிற்கக்கூடும், அத்தனை தரம் ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் காணுமா எண்டதுதான் கணக்கு.

வீதியில் ஓடுகிற முறையும் பனிநாட்டு முறையைப் போலத்தான். வழுக்குகிற நிலத்தில் ரயருக்குப் பிடி குறைவு. அது ஐஸோ நனைந்த களியோ, ரயருக்கு ஒன்றுதான். முதலாம் கியரில் உறுமினால் சில்லு சும்மா சுத்தும். இரண்டாம் கியரில் மெல்ல இழுக்க வேண்டும். பிரேக்கை நம்பக்கூடாது. ஸ்ரியரிங்கை வெட்டக்கூடாது. மைனரில் எஞ்சின் முன்னுக்கு, இழுக்கிற சில்லு பின்னுக்கு. பின்பக்கம் பாரமில்லாவிட்டால் சில்லுக்குப் பிடி வராது. பனிநாட்டில் டிக்கிக்குள் மணல்மூட்டை வைப்பார்கள். இங்கே நெல்லுமூட்டை கிடந்தாலும் அதே பலன்.

பனிநாட்டில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. உழவு இயந்திரங்கள் போட்ட தடம். அந்தத் தடம் சின்னக் காரின் வயிற்றைவிட ஆழம். அதற்குள் சில்லு இறங்கினால் நடுமேட்டில் வயிறு தட்டும், சில்லு அந்தரத்தில் சுத்தும். அதனால் ஒரு பக்கச் சில்லை நடுமேட்டிலும் மற்றதைக் கரையிலும் வைத்துச் சாய்வாக ஓட வேண்டும். புதைந்தால் மட்டை, ஓலை, சாக்கு, கல்லு, கடைசியில் மனிசர். சின்னக் காரின் பெரிய பலம் அதன் பாரம்: ஒரு தொன்னுக்கும் குறைவு. நாலு பேர் சேர்ந்தால் தள்ளி எடுக்கலாம். பெரிய வானைத் தள்ளி எடுக்கேலாது.

அந்த நாலு பேரை மறந்துவிட்டுக் காரின் சரித்திரத்தை எழுத முடியாது. கனடாவில் ஸ்னோ கொட்டினால் அரசாங்கத்தின் வண்டி வந்து வழித்துப்போட்டு, உப்புத் தூவி வீதியைத் திறந்துவிடும். குளிர்காலத்தைக் கடப்பது அங்கே பொதுவேலை. இங்கே அந்தப் பொதுவேலையை வீதியோரக் குடிசைகளில் இருந்து இறங்கி வந்த சனம் செய்தது. மாரி என்பது மலேரியாவின் காலமும் பாம்புகளின் காலமும். இரவில் ஒரு கார் புதைந்து நின்றால் உள்ளே யார் இருப்பார்கள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

யாருடைய மண்ணெண்ணெய்?

இந்தக் கதையை நாங்கள் பெருமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். 'எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில கார் ஓடினவை' எண்டால் கேட்கிறவர் சிரிப்பார், வியப்பார். பெருமை பிழையில்லை. ஆனால் அந்த வியப்பு ஒரு விசயத்தை மறைக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது தமிழ்நாட்டில் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகு எரித்த வாயுவில் ஓடின. அந்தத் தட்டுப்பாட்டில் எரிபொருள் உலகத்துக்கே பற்றவில்லை. வன்னிக்கு வந்தது வேறு. எண்ணெய் வவுனியா வரைக்கும் இருந்தது. தாண்டிக்குளம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பெற்றோல் நிலையம் வழமைபோல் திறந்திருந்தது. இந்தப் பக்கம் சொட்டுக் கணக்கு. ஒரு நாட்டின் அரசு தன் குடிமக்களில் ஒரு பகுதிக்குத் தட்டுப்பாட்டை உண்டாக்கியது. அந்தக் குளிரை இயற்கை கொண்டுவரவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கு. மின்சாரம் இல்லாத வீட்டில் அதே மண்ணெண்ணெய்தான் படிக்கிற பிள்ளையின் விளக்கு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை நனைத்து, சொட்டு எண்ணெயில் விடிய விடியப் படித்த தலைமுறை அது. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற பம்பும் அதே எண்ணெயில். மீன்பிடி வள்ளமும் அதே எண்ணெயில். கார்த் தாங்கிக்குள் போன ஒவ்வொரு லீற்றரும் எங்கேயோ ஒரு விளக்கில் இருந்து போனது. அந்தக் காரில் கலியாணத்துக்குப் போனவரும் இருந்தார்கள், பிள்ளைப்பேற்றுக்குப் போனவரும் இருந்தார்கள். காரே காணாமல் சைக்கிள் கரியரில் நோயாளியைக் கட்டிக்கொண்டு போனவர்கள் அதைவிடக் கூட. 'எப்பிடியோ சமாளிச்சம்' என்று சொல்லும்போது, சமாளிக்க முடியாமல் வழியில் செத்துப்போன ஆக்களின் கணக்கு எங்கேயும் எழுதப்படவில்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏ-35

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை. அந்த வருசம் ஏ-9 திறந்தது, பெற்றோல் வந்தது. இந்திய மோட்டார் சைக்கிள்களும் யப்பான் வான்களும் வந்தன. மைனர்களும் ஏ-40களும் மெல்ல மெல்லக் கொட்டிலுக்குள் போயின. 2006 ஓகஸ்ற்றில் பாதை திரும்பப் பூட்டப்பட்டது.

2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் மழை வடக்கைத் தாழ்த்தியது. வன்னிச் சனம் அப்போது பாதி வழியில் நின்றது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தபோது மிச்சமிருந்த ஒரே திசை ஏ-35: பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், புதுக்குடியிருப்பு. உழவு இயந்திரம், லான்ட்மாஸ்ரர், மாட்டுவண்டில், சைக்கிள், கார் எல்லாம் ஒரே வரிசையில், ஈரம் காயாத வீதியில். முள்ளிவாய்க்காலுக்கு அப்பால் வாகனம் போக இடமில்லை. மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த சனம் கையில் எடுத்தது ஒரு பை, அல்லது அதுவும் இல்லை.

பிறகு அந்தப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பீர்கள்: எரிந்ததும் துருப்பிடித்ததுமான வாகனக் குவியல். அதில் கொஞ்சம் சொந்தக்காரரிடம் திரும்பியது. மிச்சம் பழைய இரும்பாகக் கிலோக் கணக்கில் போனது.

2022இல் நாடு முழுக்கப் பெற்றோல் வரிசை வந்தபோது, 'அந்தக் காலத்தில மண்ணெண்ணெயில ஓடினம்தானே' எண்டு வயது போனவை சொல்லிச்சினம். ஆனால் இப்ப வீதியில் ஓடுகிற சின்னக் கார்களில் காபரேற்றர் இல்லை, ஹான்டில் ஓட்டை இல்லை, அமுக்க விகிதமும் மண்ணெண்ணெயைத் தாங்காது. அதோடு அந்த வருசம் ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குப் போனது. பழைய அறிவு புதிய காருக்கு உதவவில்லை.

அதற்காக அந்த அறிவை விட்டுவிடலாமா? சண்டைகளின் திகதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தக் கட்டுரையிலேயே எத்தனை திகதி என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் எந்தச் சந்தியில் எந்தக் கராஜ் இருந்தது, பெற்றோல் போத்தலுக்கு ரியூப் எங்கே இருந்து வந்தது, பிளக் முடிந்தபோது என்ன செய்தார்கள், வெள்ளத்தில் நின்ற காரைத் தள்ளினவர்கள் எந்த ஊர், உள்ளே இருந்தவர் பிழைத்தாரா என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. அதைத் தெரிந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. கிளிநொச்சியிலும் விசுவமடுவிலும் முல்லைத்தீவிலும் இன்னமும் சில பேர் சாவியும் கையுமாக இருக்கிறார்கள்.

மாரி திரும்பத் தொடங்குது. மழைக்கு வெளிய போகேலாத ஒரு நாளில், உங்கட ஊர் மெக்கானிக் ஐயா ஒருத்தரிட்டப் போய் இருந்து கேளுங்கோ. போனில பதிவு செய்யுங்கோ. அவர் 'அது சும்மா கதை தம்பி, அதை என்னத்துக்கு' எண்டுதான் தொடங்குவார். விடாதேங்கோ.